பாறைக்குள் பூட்டிய மணிச்சத்து

ராக் பாஸ்பேட் மூட்டை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பச்சை எழுத்தில் ‘இயற்கை’ என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. கல் இயற்கைதான். அமிலம் ஊற்றாமல், அரைத்து மட்டும் கட்டியிருக்கிறார்கள். அங்ககச் சான்றளிப்பு விதிகளும் அதை அனுமதிக்கின்றன. அதே மூட்டையில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: மொத்த மணிச்சத்து இத்தனை சதம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குறைந்தது 18 சதம் இருக்க வேண்டும். இந்த ‘மொத்த’ என்ற சொல்லில்தான் சங்கதி இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் போட்டிருக்கும் 16 சதம் பயிருக்குக் கிடைக்கக்கூடிய அளவு. ராக் பாஸ்பேட்டில் போட்டிருப்பது கல்லுக்குள் இருக்கும் அளவு. அதில் பயிருக்கு எவ்வளவு வரும் என்று மூட்டை சொல்லாது. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

நான் முப்பத்தி நான்கு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். கடன் விண்ணப்பத்தில் ‘மொத்தச் சொத்து’ என்ற கட்டத்தைப் பார்த்து யாருக்கும் கடன் கொடுத்ததில்லை. கையில் புரளக்கூடியது எவ்வளவு என்றுதான் கேட்போம். இப்போது தாம்பரத்தில் வீடு, மணிமங்கலம் தாண்டி மூன்று ஏக்கர் நிலம். அந்தப் பழைய கேள்வியைத்தான் உர மூட்டையைப் பார்த்தும் கேட்கிறேன்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம் கூட்டங்களில் சமீபமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. டிஏபி தட்டுப்பாடு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து, “நம்ம தமிழ்நாட்டிலேயே பாஸ்பேட் பாறை இருக்குதுங்க ஐயா, திருப்பத்தூர் பக்கம் இருக்குது, அரசாங்கம் அதைத் தோண்டி அரைச்சுக் கொடுத்தா நாம மொராக்கோவை நம்ப வேண்டியதில்லையே” என்கிறார். பேசுகிறவர்கள் நல்லவர்கள், நோக்கமும் நல்லது. நம் நாடு மணிச்சத்துக்குப் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. உலகத்தின் பாஸ்பேட் இருப்பில் பத்தில் ஏழு பங்கு மொராக்கோவிலும் அதை ஒட்டிய மேற்கு சஹாராவிலும் கிடக்கிறது. அதனால் கோபம் வருவதில் தப்பில்லை. ஆனாலும் இந்தக் கோரிக்கையை நம் இயக்கம் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் திட்டலாம்.

முதலில் அந்தப் பாறை என்னவென்று பார்ப்போம். அதன் பெயர் கார்பனடைட். எரிமலைக் குழம்பு என்றால் கருங்கல்லாக உறைவதைத்தான் கேள்விப்பட்டிருப்போம். கார்பனடைட் வேறு ஜாதி. பூமியின் அடியாழத்திலிருந்து சுண்ணாம்பும் டோலமைட்டுமாக உருகி மேலே வந்து உறைந்தது. பாதிக்கு மேல் கார்பனேட் இருந்தால்தான் அந்தப் பெயர். இன்றைக்கும் அப்படிப்பட்ட குழம்பைக் கக்கும் எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்று, தான்சானியாவில் ஓல் டோய்ன்யோ லெங்காய். சாதாரண எரிமலைக் குழம்பின் பாதிச் சூடுதான் அதற்கு. எண்ணெய் மாதிரி கறுப்பாக ஓடும் என்கிறார்கள்.

இந்தக் குழம்பு வரும்போது கூடவே பாஸ்பரஸையும் தூக்கிக்கொண்டு வரும். ஆறும்போது அது சுண்ணாம்போடும் புளூரினோடும் சேர்ந்து அபடைட் என்ற படிகமாக இறுகிவிடும். நம் பல்லின் எனாமலும் எலும்பும் இதே குடும்பம்தான். உலகத்தில் வெட்டியெடுக்கும் பாஸ்பேட்டில் பெரும்பகுதி கடலடியில் படிந்தது; இப்படிக் குழம்பு வழியாக வந்தது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் பலாபோர்வா, ரஷ்யாவில் கொவ்டோர், பிரேசிலில் அராஷா, பின்லாந்தில் சீலின்யார்வி எல்லாம் இந்த வகை. சீலின்யார்வியில் நூறு டன் பாறையை உடைத்தால் பத்து டன் அளவுக்கு அபடைட் கிடைக்கும். மிச்சம் தொண்ணூறு டன்னை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் கார்பனடைட் இருப்பது உண்மை. ஏலகிரி மலைக்குப் பக்கத்தில், திருப்பத்தூர் மாவட்டத்தில் செவ்வாத்தூர்; கிருஷ்ணகிரியில் சாமல்பட்டி; சேலத்தில் பக்கநாடு; தர்மபுரியில் ஒகேனக்கல். ஒகேனக்கல் பாறைக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு. செவ்வாத்தூர் கொஞ்சம் இளசு, 80 கோடிதான். இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது செவ்வாத்தூர். அங்கே அபடைட் மணிமணியாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கிறது. அதோடு பைரோகுளோர் என்ற இன்னொரு கனிமமும் இருக்கிறது. அதில் நியோபியம் இருக்கிறது, யுரேனியமும் இருக்கிறது. அபடைட்டைத் தனியாகத் தோண்ட வழி இல்லை. மலையை உடைத்தால் எல்லாம் சேர்ந்துதான் தூளாகும்.

இங்கே ஒரு வேடிக்கை. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் மாடித்தோட்டம் போடும் நம் வாசகர்கள் பலர் தொட்டிக் கலவையில் வெர்மிகுலைட் சேர்க்கிறார்கள். அடுப்பில் பொரிந்த பொரி மாதிரி, பளபளவென்று இருக்குமே, அதுதான். தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அதை வெட்டியெடுப்பது இதே செவ்வாத்தூரில்தான். கார்பனடைட் பக்கத்துப் பாறைக்குள் புகுந்தபோது அங்கே அபிரகம் உண்டாகி, அது மழையிலும் வெயிலிலும் மக்கி வெர்மிகுலைட் ஆனது. ஆக, அந்தப் பாறை ஏற்கெனவே நம் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. மணிச்சத்து கொடுக்க வரவில்லை, தண்ணீர் பிடித்து வைக்க வந்திருக்கிறது.

பாறையைத் தோண்டினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. பக்கத்திலேயே நடந்த கதை இருக்கிறது. இலங்கையில் அநுராதபுரம் மாவட்டத்தில் எப்பாவல என்று ஓர் ஊர். 1971-ல் அங்கே பாஸ்பேட் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் கார்பனடைட்தான். ஆனால் அங்கே ஒரு அதிர்ஷ்டம். யுகயுகமாகப் பெய்த மழை பாறையின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது, கரையாத அபடைட் மேலேயே மண்டியாகத் தங்கிவிட்டது. அரிசி களையும்போது கல் அடியில் நிற்கிற மாதிரி. அதனால் செவ்வாத்தூரைவிட எத்தனையோ மடங்கு செறிவான படிவம், சுமார் 6 கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். இலங்கை அதைச் சிறிய அளவில் வெட்டி, அரைத்து, தேயிலை, ரப்பர், தென்னைக்குப் போட்டு வந்தது.

1990-களில் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி வந்தது. ஃப்ரீபோர்ட் மக்மோரன், பிறகு அந்தத் தொழில் ஐஎம்சி கைக்கு மாறியது. முப்பதே வருஷத்தில் இரண்டரைக் கோடி டன்னுக்கு மேல் வெட்டி, திருகோணமலையில் ஆலை வைத்து, ஏற்றுமதி செய்வது திட்டம். அந்த வட்டாரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் பேர் வரை வெளியேற வேண்டியிருக்கும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அவர்களின் வயலுக்குத் தண்ணீர் தருவது ஜய கங்கை. கலா வாவியிலிருந்து அநுராதபுரம் திஸ்ஸ வாவி வரை 87 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால், ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தது. முதல் பதினேழு மைல் மைலுக்கு ஆறங்குலம்தான் சரிவு என்பார்கள். பொக்லைனும் லேசர் மட்டமும் வைத்திருக்கிற நமக்கே அந்த மட்டம் பிடிக்க முடியுமா தெரியவில்லை. சுரங்கம் அதையும் தின்னப் பார்த்தது.

ஊரே எழுந்தது. ஏழு பேர் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்டார்கள். நெல் விவசாயிகள், மாடு வளர்ப்பவர்கள், ஊர் விகாரையின் தலைமைப் பிக்கு. 2000 ஜூன் 2-ல் நீதிபதி அமரசிங்க எழுதிய தீர்ப்பு வந்தது. இருப்பு எவ்வளவு என்று முழுமையாக ஆராய்ந்து, நாட்டின் அறிவியல் அமைப்புகளிடம் கருத்துக் கேட்டு, முடிவை ஊரறிய வெளியிட்டு, சுற்றுச்சூழல் சட்டப்படி ஒப்புதல் வாங்கும்வரை எந்த ஒப்பந்தமும் கூடாது என்றது. இயற்கை வளத்துக்கு அரசு வெறும் காவல்காரன்தான், நினைத்தபடி விற்கிற முதலாளி இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. பழைய அரசர்கள் கட்டிய குளங்களையும் வாய்க்கால்களையும் உதாரணம் காட்டுகிறது. தெற்காசியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் எப்பாவல வழக்கைப் படிக்கிறார்கள். நம் இயக்கத்து இளைஞர்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. அது நமக்கு அவ்வளவு இனிக்காது. 2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உரம் வேண்டாம் என்று அறிவித்தது, மே மாதம் இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் நெல் விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. நம்மைப் பார்த்து “உங்க இயற்கை விவசாயம் இலங்கையில என்ன பண்ணிச்சு பாத்தீங்களா” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயத்தமே இல்லாமல், மண்ணை மாற்றக் கால அவகாசமே கொடுக்காமல், ஒரே கையெழுத்தில் நாட்டையே மாற்றப் பார்த்தார்கள் என்று நாம் பதில் சொல்கிறோம். சரியான பதில்தான். நான் அதோடு ஒரு கேள்வியைச் சேர்க்கிறேன். ஆறு கோடி டன் பாஸ்பேட் பாறை அந்த நாட்டுக்குள்ளேயே இருந்ததே, அது ஏன் நெல்லுக்குக் கை கொடுக்கவில்லை?

கொடுக்காது. அந்தக் கல் ஒரு போகத்துக்குள் கரையாது. தேயிலைக்கும் ரப்பருக்கும் போட்டதற்குக் காரணமே அவை பல வருஷப் பயிர், வேர் காத்திருக்கும். மண்ணும் புளித்த மண்.

புளிப்புதான் சூட்சுமம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் துலங்கும், வெறும் தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் துலங்காது. அபடைட்டும் அப்படித்தான், அமிலம் பட்டால்தான் அவிழும். மண்ணின் கார அமில நிலை ஐந்தரைக்குக் கீழே இருந்தால் கல் மெல்லக் கரையும். ஏழைத் தாண்டிவிட்டால், அதுவும் சுண்ணாம்பு கலந்த மண்ணாக இருந்தால், கல் கல்லாகவே இருக்கும். நீலகிரி, வால்பாறைத் தேயிலைக்காரர், கன்னியாகுமரி ரப்பர்காரர் ராக் பாஸ்பேட் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம்? என் நிலத்து அறிக்கையில் 7.8. போர்வெல் உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிற பக்கத்து நிலங்களில் எட்டைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன்.

என் வயலுக்குத் தெற்கே உள்ளவர் இயற்கைக்கு மாறிய முதல் வருஷம் ஏக்கருக்கு நான்கு மூட்டை ராக் பாஸ்பேட் இறைத்தார். கடைக்காரர் சொன்ன கணக்கு. ஒரு பாத்தியை மட்டும் போடாமல் விடச் சொல்லி நான் நச்சரித்ததால் விட்டார். நெல் அறுத்தபோது போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, எடையிலும் இல்லை. “கல்லை வாங்கி மண்ணுல போட்டுட்டேன் சார், இனிமே எடுக்கவும் முடியாது” என்று சிரித்தார். மனுஷன் தங்கமானவர், நானாயிருந்தால் அழுதிருப்பேன்.

இதிலும் கல்லுக்குக் கல் வேறுபாடு உண்டு. கடலில் படிந்த இளம் பாஸ்பேட் ஓரளவு கரையும், அதன் படிகத்துக்குள் கார்பனேட் புகுந்து கட்டைத் தளர்த்தியிருக்கும். எரிமலைக் குழம்பில் இறுகிய அபடைட்தான் எல்லாவற்றிலும் கெட்டி. நம் ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ராவில் வெட்டுவது, ஆதிகாலப் பாசிகள் கட்டிய படிவம். ஆனால் வயசாகி இறுகிவிட்டதால் அதுவும் சுலபத்தில் இளகாது. மேற்கு வங்கத்தில் புருலியாவில் கிடைப்பது அபடைட் வகை. கடைக்காரரிடம் “எந்த ஊர்க் கல்?” என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும்: காட்மியம் என்ற நஞ்சு கடல்படிவ பாஸ்பேட்டில்தான் அதிகம், குழம்புவழிப் பாறையில் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் கார்பனடைட் சுத்தமானது.

“அதுக்குத்தான் பாஸ்போபாக்டீரியா இருக்கே” என்பீர்கள். இருக்கிறது. நானும் போடுகிறேன். ஆனால் ஒரு விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகத்தில் இந்த நுண்ணுயிரைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டில் பெரும்பாலும் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அது அபடைட்டைவிட எவ்வளவோ இளக்கமானது. அந்தத் தட்டில் தெளிந்த வளையம் போட்ட நுண்ணுயிர் எல்லாம் வயலில் கல்லைக் கரைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சுண்ணாம்பு மண்ணில் அது சுரக்கிற அமிலத்தைச் சுண்ணாம்பே குடித்துவிடும். வேம் பூஞ்சையும் கல்லை உடைக்காது. வேர் எட்டாத தூரத்தில் கரைந்து கிடப்பதை நூல்விட்டு எடுத்துவரும். அதுவே பெரிய உதவி. கல் உடைக்கிற வேலையை அதன் தலையில் கட்ட வேண்டாம்.

ராக் பாஸ்பேட் போட்டே தீருவேன் என்கிறவர் வயலில் இறைக்காமல் எருக்குழியில் போடுங்கள். சாணமும் கழிவும் மக்கும்போது வருகிற அங்கக அமிலங்களில் நாலைந்து மாதம் கிடந்தால் கொஞ்சம் இளகும். ‘ப்ரோம்’ என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்ட பாஸ்பேட் செறிந்த அங்கக உரம் இதே யோசனைதான்.

சரி, கல் வேண்டாம் என்றால் மணிச்சத்துக்கு எங்கே போவது? முதலில் நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். ஏக்கரில் மேலாக அரை அடி மண் சுமார் ஒன்பது லட்சம் கிலோ. அதில் பாஸ்பரஸ் நூற்றுக்கு 0.03 பங்கு என்று குறைத்தே வைத்தாலும் 270 கிலோ. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் அறுத்தால் தானியத்தோடு வெளியே போவது ஐந்தாறு கிலோ. மறுபக்கம், ஒரு மூட்டை டிஏபியில் பத்து கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. போகத்துக்கு ஒரு மூட்டை போட்ட நிலத்தில், வைக்கோல் திரும்பியிருந்தால், பாதி மண்ணிலேயே தங்கியிருக்கும். இருபது முப்பது வருஷம் இப்படிப் போட்டிருக்கிறார்கள் நம் முன்னோர், அதாவது நம் அப்பாக்கள். ரசாயனத்திலிருந்து மாறுகிறவர்கள் நிலத்தில் மணிச்சத்து இல்லை என்று பதறுகிறார்கள். இருக்கிறது. முடக்கப்பட்ட கணக்கு, அவ்வளவுதான்.

முடக்கத்தை எடுக்கச் சாவிகள் நம்மிடம் இருக்கின்றன. துவரை வேர் ஒரு அமிலத்தைச் சுரந்து இரும்போடு ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்தைப் பிரித்தெடுக்கிறது என்று ஐதராபாத் பக்கத்து இக்ரிசாட்டில் வேலை செய்த விஞ்ஞானிகள் 1990-ல் எழுதினார்கள். நம் செம்மண்ணில் மணிச்சத்து பெரும்பாலும் இரும்போடுதான் ஒட்டிக் கிடக்கிறது. வரப்பிலும் ஊடுபயிராகவும் நம் பாட்டிமார் துவரை போட்டார்களே, சும்மா இல்லை. நெல் வயலில் தண்ணீர் கட்டினால் அந்த இரும்புக் கட்டு தானாகவே தளரும், அதனால் நஞ்சையில் மணிச்சத்துப் பற்றாக்குறை புஞ்சை அளவுக்குத் தெரியாது. தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி மடக்கி உழுவது, ஆட்டுக்கிடை போடுவது இதெல்லாம் நம் இதழில் மாதாமாதம் வருவது, திரும்பச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சாவி போட்டுத் திறப்பது, இருப்பிலிருந்து எடுப்பதுதான். போடுவது ஆகாது. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடிக்கலாம். மணிச்சத்து காற்றில் கிடையாது. நெல்லோடும் காயோடும் பாலோடும் வெளியே போனது போனதுதான். வருஷத்துக்கு ஐந்து கிலோ எடுத்துக்கொண்டே இருந்தால் என் பேரன் காலத்தில் பாஸ்புக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும்: வெளியே போனது எங்கே போகிறது?

தாம்பரத்துக்குப் போகிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரிக்குப் போகிறது. ஒரு மனிதரின் உடலிலிருந்து வருஷத்துக்குச் சுமார் அரை கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது, பெரும்பகுதி சிறுநீரில். லட்சம் பேருக்கு 50 டன். டிஏபி கணக்கில் போட்டால் ஐயாயிரம் மூட்டை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்களே, அங்கே எத்தனை லட்சம் பேர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தச் செல்வம் பாதாளச் சாக்கடை இருக்கும் இடத்தில் சுத்திகரிப்பு நிலையத்துக்கும், இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் லாரிக்கும், மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்கும் போகிறது. செம்பாக்கம் ஏரி, பல்லாவரம் பெரிய ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு இவற்றில் ஆகாயத்தாமரை ஏன் மண்டுகிறது என்று நினைக்கிறீர்கள்? அது நம் வயலின் மணிச்சத்தைத் தின்று வளருகிறது. மெஷின் வைத்து வாரிக் கரையில் குவித்து, மறுபடி தண்ணீரிலேயே சரிய விடுகிறோம்.

பல்லாவரம் மலைக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் இருப்பது அந்தக் கல் என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர். பல்லாவரத்தில் அதற்கு தேசிய நிலவியல் சின்னம்கூட உண்டு. அதிலும் துளித்துளி அபடைட் இருக்கிறது. மலை தேய்ந்து மண்ணாகி, மண் ஏரியில் வண்டலாகப் படிந்து, வண்டலை வண்டி கட்டி வயலில் கொட்டினார்கள் நம் தாத்தாக்கள். பாறையிலிருந்து பயிருக்கு மணிச்சத்து வர இதுதான் நம் நாட்டு வழி. சுரங்கம் தேவைப்படவில்லை, கோடைக்காலமும் ஒரு ஜோடி மாடும் போதும். இப்போதும் வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் எடுக்கலாம். நகரத்தை ஒட்டிய ஏரியில் எடுக்கும் முன் மட்டும் கன உலோகப் பரிசோதனை செய்துவிடுங்கள். தோல் பதனிட்ட பகுதிகளில் குரோமியம் இருக்கும், ஆகாயத்தாமரை அதை உறிஞ்சி வைத்திருக்கும். சாப்பாட்டுக் கழிவும் கழிப்பறைக் கழிவும் மட்டும் கலந்த ஏரி வேறு, ஆலைக் கழிவு கலந்த ஏரி வேறு.

இனி நம் இயக்கத்திடம் என் கோரிக்கை. நம் சான்றளிப்பு விதி, கடல் தாண்டி வரும் கல்லுக்குக் கதவு திறக்கிறது; நம் உணவு திரும்பி வரும் வழிக்கு உணவுப் பயிரில் இடம் தரவில்லை. கிருமிக்கும் உலோகத்துக்கும் பயந்து வைத்த விதி, நானும் மதிக்கிறேன். ஆனால் இடைவழி வந்துவிட்டது. கழிவுநீரிலிருந்து மக்னீசியம் சேர்த்து ஸ்ட்ருவைட் என்ற படிகமாக மணிச்சத்தைப் பிரிக்கிறார்கள். அது மெல்லக் கரையும், ஆனால் அபடைட் மாதிரி அடம் பிடிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் அதை அங்கக வேளாண்மைக்கு நிபந்தனைகளோடு அனுமதித்துவிட்டது. நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கருங்குழியில், மலக்கசடைச் சுத்திகரிக்கும் தமிழ்நாட்டின் முதல் நிலையம் நடக்கிறது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. இங்கே ஸ்ட்ருவைட் எடுத்துச் சோதிக்க வேண்டும், நம் தேசிய அங்கக விதிகளில் அதைச் சேர்ப்பது பற்றி அபேடா பரிசீலிக்க வேண்டும் என்று நம் மாநாடு தீர்மானம் போடட்டும். செவ்வாத்தூர் மலையைத் தோண்டு என்று தீர்மானம் போடுவதைவிட இது கஷ்டம். முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். சாணத்தைக் கையால் அள்ளுகிற நாமே சுளித்தால் வேறு யார் பேசுவது?

செவ்வாத்தூர், சாமல்பட்டி, பக்கநாடு பக்கத்து உழவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். பாறைமேட்டை ஒட்டிய நிலத்தின் மண் பரிசோதனை அறிக்கையும், தள்ளியிருக்கும் நிலத்தின் அறிக்கையும் இருந்தால் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். கிணற்று நீர் அறிக்கை இருந்தால் இன்னும் நல்லது, அதில் புளூரைடு எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.